பிஸ்கட் தின்றவனுக்கு வந்த சாமி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். வெட்கம் பாதி. முனியாண்டி சாமி கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் மீதி. போன வெள்ளிக்கிழமை அவர் கோயிலில் சூடம் கொளுத்தி, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன்.

இலங்கை மலைநாட்டில், ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் கங்காணி தன் மகள் செல்லம்மாவை எனக்குக் கொடுக்க யோசித்தார். ஆனால், "பய நோஞ்சானா இருக்கானே. நாலு நாளு கவ்வாத்து வெட்டட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

நாலே நாளில் பலசாலியாக வேண்டும்! தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமைக்கும் அப்புவிடம் யோசனை கேட்டேன். "தொரை என்னா திங்கிறாரு? பிஸ்கட்டு, ஜாம், டின் பாலு. ஆளப் பாரு, ஆனை மாதிரி!" என்றார். (துரை கவ்வாத்துக் கத்தியைத் தொட்டதே இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.) அம்மா குரக்கன் என்கிற கேழ்வரகு மாவில் தட்டிய ரொட்டியையும் கீரையையும் ஒதுக்கிவிட்டு, மூன்று நாள் பிஸ்கட்டும் ஜாமுமாகவே வாழ்ந்தேன். "ரொட்டியெல்லாம் ஒரு சாப்பாடாம்மா?" என்று வேறு கேட்டேன். மண்ணில் விளைந்ததைப் பழித்தவனை ஆண்டவன் சும்மா விடுவானா?

நாலாம் நாள். கங்காணி மேட்டில் நின்று பார்க்கிறார். பக்கத்து மலையில் செல்லம்மா கொழுந்து பறிக்கிறாள். என் கண் இருட்டுகிறது. அந்த நேரம் பார்த்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்குக்குள் நான் செருகிவைத்த ஜாம் பிஸ்கட்டைத் தேடி எறும்புப் படை ஏறிவிட்டது. ஆ, ஊ என்று குதித்தேன். தலையை ஆட்டினேன். கத்தியைப் போட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் குப்புற விழுந்தேன்.

"பயலுக்குச் சாமி வந்திருச்சுடோய்!" என்று கங்காணி ஓடிவந்தார். தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "முனியாண்டி அப்பா, என்னா வேணும்? சேவலா, சுருட்டா? கேளுங்க, தர்றேன்!"

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "ரொட்டி."

"ரொட்டியா?"

"ரொட்டி... தேங்காய்ச் சம்பல்... கொஞ்சம் காரமா."

கூடையோடு ஓடிவந்த செல்லம்மா சிரித்த சிரிப்பில் கொழுந்தெல்லாம் கொட்டிவிட்டது. "ஐயோ அப்பா, எந்திரிங்க! சாமியுமில்ல, பூதமுமில்ல. பசி!" என்று தன் சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்தாள். மற்றப் பெண்களும் தங்கள் ரொட்டிகளை நீட்டினார்கள்.

கங்காணியின் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. பெண் கை நழுவிப் போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் ரொட்டியை விடவில்லை. தின்றேன். தண்ணீர் குடித்தேன். கத்தியைத் தேடி எடுத்து, விட்ட நிரையை, வேலை முடியும் சங்கு ஊதுவதற்குள் வெட்டி முடித்தேன்.

கங்காணி நான் வெட்டிய நிரையைப் பார்த்து மீசையைத் தடவினார். "சரி, கட்டிக்க. ஆனா எம் மக இருக்கிற வீட்டுல பிஸ்கட்டு வரக் கூடாது. இன்னொரு தடவ உன் கால்ல என்னால விழ முடியாது, ஆமா!"

ஆண்டவன் புண்ணியத்தில் இன்றுவரை எங்கள் வீட்டில் குரக்கனும் கீரையும்தான். இந்த வயதிலும் நான் மலை ஏறுகிறேன். பேரப்பிள்ளைகள் கடைப் பாக்கெட்டைப் பிரித்தால் போதும், "தாத்தாவப் புடிங்கடா, சாமி வரப் போகுது!" என்று செல்லம்மா கூவுவாள்.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அன்று நான் தின்றது ஆறு ரொட்டி. செல்லம்மா ஒன்பது என்பாள், நம்பாதீர்கள். முனியாண்டி சாட்சியாக ஆறுதான்.