முழங்காலுக்குள் ஒரு தையல்

பேய்க்குப் பயப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். போலீசுக்குப் பயப்படுபவர்களையும் பார்த்திருக்கிறேன். சொந்த முழங்காலுக்கே வாரக்கணக்கில் நடுங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதுரையில் வாத்தியார் வேலை. ஆரப்பாளையம் பக்கம் வைகை மணலில் மாணவர்களோடு சடுகுடு ஆடப்போய் (வீரத்தைக் காட்டத்தான், வேறென்ன?), முழங்கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தேன். உள்ளே தசைநார் அறுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள்.

கட்டைப் பிரித்த அன்று என் கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

"தினமும் தொடையை இறுக்கி, காலை நீட்டினபடியே தூக்கணும் வாத்தியாரே. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா மடக்கணும். விட்டுட்டா வெறச்சுப் போயிரும். அப்புறம் மயக்கம் குடுத்து நான்தான் மடக்கணும்" என்றார் டாக்டர்.

என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: தூக்கினால் தையல் தெறித்துவிடும். (அவர் அப்படிச் சொல்லவே இல்லை.) போர்வைக்குள் கட்டைவிரலை மட்டும் ஆட்டிவிட்டு, "இருபது தடவை ஆச்சு" என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவந்தேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார். அசையவில்லை. "திங்கக்கிழமை மயக்கம் குடுத்துருவோம்" என்றார்.

அவர் போனதும் என் மனைவி செல்லம் போர்வையை உருவினாள்.

"தூக்குங்க. நான் எண்ணுறேன்."

"அறுந்துரும் செல்லம்!"

"அறுந்தா மறுபடியும் தச்சுருவாக. தூக்குங்க."

தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு தூக்கினேன். கால் வெடவெடவென்று ஆடியபடி ஒரு சாண் எழுந்தது. அந்த நேரம் பார்த்துப் படபடவென்று ஏதோ முறியும் சத்தம்!

"ஐயோ, அறுந்துபோச்சு!"

வார்டே எழுந்து உட்கார்ந்தது. எதிர்க் கட்டிலில், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி அசையக் கூடாது என்றிருந்தவர்கூட ஓடி வந்தார். டாக்டரும் ஓடி வந்தார்.

"எங்க வலிக்குது?"

யோசித்துப் பார்த்தேன். எங்கும் வலிக்கவில்லை. "சத்தம் கேட்டுச்சு சார்..." என்றேன்.

என் தலைமாட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. உசிலம்பட்டியிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற என் மாமியார்.

"நான்தான் சாமி. மாப்ள காலைத் தூக்குனாக. கண்ணு பட்டுரக் கூடாதேன்னு நெட்டி முறிச்சேன். அம்புட்டுச் சத்தமாவா கேட்டுச்சு?"

டாக்டர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் நான் முழங்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மடங்கியிருந்தது!

"திங்கக்கிழமை மயக்கம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் சிரித்தார்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயந்துகொண்டே தினமும் தூக்கினேன், மடக்கினேன். அடுத்த பொங்கலுக்குச் சம்மணம் போட்டுச் சாப்பிட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தக் குழந்தைக்காவது நெட்டி முறிப்பதற்கு முன்னால், செல்லம் என் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பாள்: "என்னங்க, காலைப் பிடிச்சுக்கங்க!" எல்லோரும் சிரிப்பார்கள்.

நானும் சிரித்துக்கொண்டேதான் பிடித்துக்கொள்கிறேன்.