போகாத கறையும் இரண்டாவது உலோகமும்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா சொல்லச் சொல்ல அத்தை எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் ஆராய்ச்சிச் சோதனை ஐந்து மாதமாகச் சரியாக வரவில்லை, இந்த மாதமும் வராவிட்டால் உன்னை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த வருஷம், உன் அம்மா சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லைத் தொலைத்த அதே வருஷம், நான் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த பேராசிரியருக்கு ஒரு வகைக் கார்பனை இன்னொரு வகைக் கார்பனோடு கோர்க்க வேண்டும். நிக்கல் தூளைப் போட்டால் கோர்க்கும், ஆனால் இடது செருப்பு இடது செருப்போடும் வலது வலதோடும் சேருகிற மாதிரி ஒரே வகையே ஜோடி சேர்ந்துவிடும். ஒருநாள் அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த, கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் மேஜையில் மட்டும் ஜோடி சரியாக வந்தது. மற்றவர்கள் செய்தால் பழையபடி செருப்புக் குழப்பம்தான். தண்ணீரைச் சந்தேகித்தார்கள், வெயிலைச் சந்தேகித்தார்கள், கடைசியில் அவள் பொய்க்கணக்கு எழுதுகிறாள் என்று அவளையே சந்தேகித்து, வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். குடுவைக்குள் சுற்றிக் கலக்குகிற வெள்ளைக் காந்தங்களில் ஒன்றில் கறுப்பாக ஒரு கறை, மூன்று வருஷம் தேய்த்தும் போகவில்லை. கறையைப் பார்த்து என்னைத் திட்டாதவள் அவள் ஒருத்திதானே, அதனால் அதை எப்போதும் அவளுக்கே கொடுத்துவந்தேன். அவள் அழுததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, காந்தத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியர் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, இந்தக் கறையத் தேச்சுத் தேச்சு என் கைதான் தேஞ்சுது. என்னை வேணா தூக்கிடுங்க, அந்தப் பொண்ண விட்டுடுங்க."

"யோவ், இத்தன நாளா ஏன்யா வாயத் தொறக்கல?"

"கழுவத் தெரியாதவன்னு சொல்லிடுவீங்களேன்னுதான்."

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். முன்னே அங்கே வேலை பார்த்த ஒருவர் விட்டுப்போன பல்லாடியம் என்கிற உலோகமாம் அது. நிக்கல் தனியாகச் செய்யாது, பல்லாடியம் தனியாகச் செய்யாது, இரண்டும் சேர்ந்தால்தான் சரியான ஜோடியாம். அந்தப் பெண் டாக்டர் பட்டம் வாங்கினாள், எனக்குக் காந்தம் பரிசாக வந்தது.

அதே மாதிரி ஜோடி சேர்க்க நீயும் இரண்டு உலோகத்தையும் அளந்துதான் போடுகிறாயாம், வரவில்லையாம். எப்படி வரும்? கடையில் வாங்கின பல்லாடியம் என் கறைக்கு ஈடாகுமா? பீரோவில் பத்திரமாக வைத்திருந்த காந்தத்தை இத்துடன் அனுப்புகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், கழுவிவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. ஜெயித்து வா. பேராசிரியர் போய்விட்டார், கண்ணாடிப் பெண்ணும் போன வருஷம் போய்விட்டாள். அந்த அறையில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நானும் அந்தக் கறையும்தான்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: இது அத்தை. அவருக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. சொந்தக்காரப் பிள்ளைக்கு அழுக்குச் சாமானையா அனுப்புவது என்று காலையிலேயே அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். இவர் மூன்று வருஷம் தேய்த்தும் போகாதது எனக்குக் கால் மணி நேரத்தில் போய்விட்டது. கடிதம் எழுத உட்கார்ந்தபிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அந்த உப்புத்தாளையும் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். கறை அதில்தான் இருக்கிறது.