டீக்குப் போட்ட மாத்திரை

மதுரையில் அந்தக் காலத்தில் அதிகம் பேருடைய பல்லைப் பார்த்தவர் யார் என்று கேட்டால், எந்தப் பல் டாக்டரையும் சொல்ல மாட்டேன். டார்ச்லைட் சிஸ்டரைத்தான் சொல்வேன். இத்தனைக்கும் அந்த அம்மாவுக்கும் பல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கிற வார்டில் ஹெட் நர்ஸ். அந்த மருந்து கொஞ்சம் கூடிப்போனாலும் ஈறில் ரத்தம் கசியுமாம். அதனால் காலையில் காப்பி வருவதற்கு முன்னாலேயே கட்டில் கட்டிலாக டார்ச்சோடு வந்து நிற்பார். "ஈன்னு காட்டுங்க!"

எண்பதுகளின் தொடக்கம். மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்த்த எங்கள் அப்பாவுக்கு இடது காலில் ரத்தம் கட்டி, கால் தூண் மாதிரி வீங்கிப்போய், அங்கே சேர்த்திருந்தோம். முதல் நாளே அப்பா மல்லுக்கு நின்றார்.

"கால்ல நோவுன்னு வந்தா வாயப் பாக்குது இந்தப் புள்ள. இதென்ன மாட்டுச் சந்தையா?"

"ஆமாய்யா, சந்தைதான். ஈன்னு காட்டுங்க."

காட்டினார். நோயாளியைப் பார்க்க வந்த கவுன்சிலர் ஒருவர் காலியாகக் கிடந்த கட்டிலில் சற்றே உட்கார்ந்துவிட்டார். அவரும் கரை வேட்டியோடு ஈ என்று காட்டிவிட்டுத்தான் எழுந்தார். பிளேடு, சேப்டி பின் எல்லாம் பறிமுதல். வார்டே தாடியோடு சபரிமலைக்குக் கிளம்பின கூட்டம் மாதிரி இருக்கும். வயிற்றில் ஊசி போட்டதும் அப்பா பழக்க தோஷத்தில் தேய்க்கப் போவார். கையிலேயே ஒரு அடி விழும். "தேய்ச்சா உள்ள ரத்தம் கசிஞ்சு நீலமாப் போகும்யா. எடுங்க கைய!"

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். "வாத்தியாரே, ஒப்பிங்க. மாத்திரை எப்ப?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

"ஒரு நாள் மறந்துட்டா?"

"மறுநாள் ரெண்டாப் போடக் கூடாது."

"தலைவலி மாத்திரை?"

"தொடவே கூடாது. அதுவும் ரத்தத்த உறைய விடாது. ரெண்டும் சேந்தா வயித்துக்குள்ள ரத்தம் கொட்டும்."

இப்படி மூன்று தடவை. வார்டே சிரித்தது. ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவனை ஒப்பிக்க வைத்தால் கோபம் வராதா? "கிறுக்குப் பிடிச்ச பொம்பள" என்று முனகிக்கொண்டே அப்பாவை பஸ் ஏற்றினேன்.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா டீ கேட்டார். எங்கள் பக்கம் வயலில் பாடுபடுகிற பாதிப் பேர் டீயோடு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார்கள். உடம்பு அலுப்புக்கு. டீக்கடைக்காரரே கிளாஸோடு சேர்த்து நீட்டிவிடுவார். அதை யாரும் மருந்து என்று நினைத்ததே இல்லை. அப்பாவுக்கு அது இருபது வருஷப் பழக்கம். "அது இல்லாம டீ தொண்டையில எறங்க மாட்டேங்குதுப்பா" என்றார். நானே வாங்கிக் கொடுத்தேன். காலையில் சிஸ்டரிடம் மூன்று தடவை ஒப்பித்த அதே நான்! அன்றிலிருந்து தினமும் டீ, தினமும் அந்த மாத்திரை.

இரண்டு வாரத்தில் அப்பாவுக்கு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. மயங்கி விழுந்தார். வாடகைக் கார் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

"தலைவலி மாத்திரை போட்டீங்களாய்யா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"எனக்கு எங்க தாயி தலைவலி? டீக்குத்தான் போட்டேன்."

டீக்குப் போட்டதும் அதே தலைவலி மாத்திரைதான் என்று சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. ஓடினார். ரத்தம் ஏற்றினார்கள், மருந்தை முறிக்கிற ஊசி போட்டார்கள். அப்பா பிழைத்தார்.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். "வலி மாத்திரை கூடாதுன்னு யாரும் உங்ககிட்டச் சொல்லலையா?"

அன்றைக்குச் சிரித்த நோயாளிகள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். சிஸ்டர் மட்டும் டாக்டருக்குப் பின்னால் நின்றார். கட்டிலில் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றவரை நானே கொல்லப் பார்த்தேன் என்று அவர் முன்னால் எந்த வாயால் சொல்வது?

"இல்லீங்க டாக்டர். யாரும் சொல்லல."

சிஸ்டர் வாயே திறக்கவில்லை.

அடுத்த மாதம் அப்பாவுக்கு ரத்தம் பரிசோதிக்கப் போனபோது வார்டில் வேறு நர்ஸ். சிஸ்டருக்கு மெமோ கொடுத்து, போர்வை, தலையணை உறை வைக்கிற ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்களாம். தேடிப் போனேன். போர்வை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சிஸ்டர் நீங்க ஒண்ணுமே சொல்லல?"

"சொல்லியிருந்தா டாக்டர் உங்களக் கிழிச்சிருப்பார் வாத்தியாரே. நீங்க ரோஷப்பட்டு அப்பாவ இங்க கூட்டிட்டு வராமப் போயிட்டா? அவருக்கு இன்னும் நாலு மாசம் மாத்திரை இருக்கு. ரத்தம் பாக்காம அத முழுங்கக் கூடாது. அப்பா எப்படி இருக்காரு?"

"டாக்டர்கிட்ட இப்பவே போய் உண்மையச் சொல்றேன் சிஸ்டர்" என்றேன். டாக்டர் அறை வாசல் வரைக்கும் போனேன். கூட்டமாக இருந்தது. அடுத்த மாதம் சொல்லலாம் என்று திரும்பினேன். அடுத்த மாதமும் அப்படித்தான். அப்பாவுக்கு மாத்திரை முடிந்தது. நானும் அந்தப் பக்கம் போவதை விட்டேன். நோயாளி யாரையும் தொடவிடாமல், அந்த ஸ்டோரிலேயே அவருக்கு ரிட்டையர்மென்ட் ஆனது என்று பின்னால் கேள்விப்பட்டேன். கோழைப் பயல் நான்.

அப்பா அதற்கப்புறம் ரொம்ப வருஷம் நன்றாக இருந்தார். இப்போது அவரும் இல்லை, அந்தப் பெரிய டாக்டரும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சொன்னாங்க, டாக்டர். என்னைப் பெத்தவகூட எனக்கு அம்புட்டுப் பொறுமையா எதையும் சொன்னதில்லை.