ஜெட்டுக்கு எலுமிச்சம்பழம்

ஜெட் விமானங்களை மேம்படுத்துகிறவர்கள் இன்ஜினியர்கள் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், எங்கள் ஜெட்டண்ணனை உங்களுக்குத் தெரியாது. எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போ விமான நிலையத்தில் நான் சரக்குப் பிரிவுக் குமாஸ்தா. அவர் விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றுகிறவர். பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிவிட்டு வந்ததால், ஜெட்டையும் கொஞ்சம் உயரமாகப் போகிற டிராக்டராகத்தான் பார்த்தார்.

மாதாமாதம் ஒரு தோட்டக் கம்பெனி முதலாளியின் ஜெட் வந்து இறங்கும். ஏழெட்டுப் பேர் உட்காரலாம். அண்ணன் எண்ணெய்க் குழாயைச் சொருகிவிட்டு, வெள்ளைக்கார விமானியிடம் மலாய் மொழியில் குறை சொல்ல ஆரம்பிப்பார். சத்தம் காதைக் கிழிக்கிறது, எண்ணெயைக் கண்டபடி குடிக்கிறது. விமானி நல்ல மனுஷன், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். சில வருஷம் கழித்து முதலாளி அதே ஜெட்டின் புது மாடலை வாங்கினார். இன்ஜின் புதுசு. சத்தமும் குறைவு, குடியும் குறைவு.

"நான் சொன்னேன், செஞ்சிட்டான்லா" என்று கேன்டீனில் எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார் அண்ணன். பிறகு புது வண்டிக்குச் செய்கிற மாதிரியே ஜெட்டின் மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். விமானியும் மரியாதையாகப் பழத்தை நசுக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.

அடுத்து, முதலாளிக்குக் கால் நீட்ட இடமில்லை, ஜெட்டை நீளமாக்கச் சொல்லுங்கள் என்று விமானியை நச்சரித்தார். எண்பதுகளில் வந்த மாடலை நிஜமாகவே நீளமாக்கிவிட்டார்கள். கனமும் கூடியது. ஈப்போ ஓடுபாதை அதற்குப் போதாது, இனி பினாங்கில்தான் இறங்கும் என்றார்கள்.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பழத்து மேல சக்கரம் ஏத்தாம பறக்குது தம்பி. ஏதாச்சும் ஆச்சுன்னா? நான்தானே நீளமாக்கச் சொன்னேன்."

கிண்டல் பண்ண நினைத்த நான், அவர் முகத்தைப் பார்த்ததும் பினாங்குக்குப் போன் போட்டேன்.

ஜெட் வருகிற நாளை விசாரித்துக்கொண்டு, என் மோட்டார் சைக்கிளில் இருவரும் பினாங்கு போனோம். மடியில் இருந்த பழப் பையை அண்ணன் வழி முழுக்க இறுக்கிப் பிடித்திருந்தார். விமான நிலையத்தில் காவலாளி உள்ளே விட மறுத்துவிட்டான். நல்லவேளையாக விமானி எங்களைப் பார்த்துவிட்டார். விஷயத்தைக் கேட்டவர் சிரிக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு போய், வேலிக்கு வெளியே நாங்கள் பார்க்க, வெள்ளைச் சட்டையோடு குனிந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அவரே பழம் வைத்தார். ஜெட் மெல்ல நகர்ந்தது.

"எடது பக்கம் சரியா நசுங்கல" என்றார் அண்ணன். "பரவால்லலா, போகட்டும்."

அந்த ஜெட்டில் அவர் ஒரு நாளும் பறந்ததில்லை. ஆனால் பெற்ற பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிறவர் மாதிரி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது மேகத்தில் மறைந்த பிறகும் நின்றார். இருட்டுவதற்குள் ஈப்போ திரும்ப வேண்டும். ஆனாலும் அவரை அவசரப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.