கைபேசியில் காணாமற்போன தாய்மாமன்

வாழ்க, காவிரி பாயும் பரமத்தி வேலூரின் வெற்றிலைத் தோட்டங்களைப் பற்றி எட்டாண்டுகள் இடையறாது எழுதி, பதினேழு வாசகரைத் திரட்டிய வலைப்பூ வேந்தர்! வாழ்க, புதுமனை புகுந்த நன்னாளில் நாற்பத்தொரு உறவினரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் படமெடுத்து, அதையே அவ்வலைப்பூவின் நெற்றியில் மணிமகுடமெனச் சூட்டிய பெருந்தகை, கயல்விழியின் கணவர் நவநீதகிருஷ்ணன்!

மகள் நிலாவின் காதுகுத்து அழைப்பை அதில் ஏற்றியபோது, மேசைக் கணினியின் அகன்ற திரையில் அந்தச் சுற்றப்பெரும்படை அணிவகுத்து நின்ற கோலத்தை என்னென்று புகழ்வது! இடக்கோடியில் அக்காள் பொன்னாத்தாள், நடுநாயகமாக நிலா, வலக்கோடியில் சீர்த்தட்டைத் தாங்கி மலையென நிமிர்ந்த தாய்மாமன் ஜீவானந்தம்! கண்டோர் மெய்சிலிர்க்கும் காட்சி. கண்டவர் நவநீதகிருஷ்ணன் ஒருவர்தான்.

மற்றவர் எல்லாரும் கைபேசியில் பார்த்தார்கள். அந்த ஆறங்குலப் படுகளத்தில் வரிசை இருபுறமும் வெட்டுண்டு வீழ, நடுவில் ஏழு பேரே எஞ்சினர். நாமக்கல் லாரிப் பட்டறை வாசலில் நின்று அதைப் பார்த்த ஜீவானந்தம், எட்டுத் திசையும் அதிரப் போனில் முழங்கினார்: "தட்டத் தூக்கிட்டு நின்னவன் மூஞ்சியவே வெட்டிப் போட்டீங்களே மாப்ள! புள்ளைய மடியில உக்கார வெக்க வேற ஆளப் பாத்துக்குங்க, நான் வரமாட்டனுங்க!"

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்லாமல் எந்த ஊரில் காது குத்துகிறார்கள்? கயல்விழி அழுதே விட்டாள்.

எழுந்தார் நவநீதகிருஷ்ணன்! மவுசை வாளெனப் பற்றி, பல்லைக் கடித்து, படத்தை ஒருபுறம் இழுத்தார். மாமன் உதித்தார், அந்தோ, நிலா மறைந்தாள். மறுபுறம் தள்ளினார், அக்காள் தோன்றினாள், மாமன் வீட்டார் கூண்டோடு மாண்டனர். சினந்து சுருக்கினார், நாற்பத்தொருவரும் கடுகாயினர், ஆண் யார் பெண் யார் என்றே விளங்கவில்லை. கணினியில் வென்று, கைபேசியைத் திறந்து தோற்று, மீண்டும் கணினிக்கே பாய்ந்து, இவ்வாறு பதினான்கு முறை படையெடுத்த அப்பெருமகனின் நெற்றி வியர்வையைக் காவிரியும் கண்டு நாணியிருக்கும். கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போனது.

"ஏனுங்க, போனப் படுக்கையாப் புடிச்சுப் பாருங்களே" என்றாள் கயல்விழி.

பிடித்தார். ஆகா! நாற்பத்தொருவரும் உயிர்த்தெழுந்தனர்! அக்கணமே மைத்துனரை அழைத்து, வெற்றிமுரசு கொட்டும் குரலில் அவர் பிரகடனம் செய்தார்: "மச்சான், போனச் சாய்ச்சுப் புடிங்க! வலது ஓரத்துல பாருங்க! உங்கள வெட்ட எவனுக்குங்க தைரியம் இருக்குது?"

மறுமுனையில் சீர் சுமந்த அச்சிங்கம் இரண்டு விரலால் தன் திருமுகத்தைப் பெரிதாக்கிக் கொண்டிருந்தது. பின்பு மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"மாப்ள... கண்ண மூடிட்டு, வாயப் பொளந்துட்டு நிக்கறனுங்களே. மொதல்ல இருந்தாப்படியே வெட்டி உட்ருங்க. காலைல ஆறு மணிக்கே வந்தர்றனுங்க."

நவநீதகிருஷ்ணன் படத்தைப் பழையபடியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.