கோழிக்கு வாங்கிய புகையிலை

செங்கோட்டையன் பேச்சைக் கேட்க இந்த உலகத்தில் மிஞ்சியது ஒரே ஒருத்தி. அவர் மனைவி அத்தாயி.

கள்ளுக்கடை மறியலில் அடிபட்டு, ஜெயிலில் களி தின்று வந்தவர் அவர். மோகனூர் ஊரார் மாலை போட்டார்கள். மாலை வாடுவதற்குள் கள்ளுக்கடைக்கே திரும்பிப் போனார்கள். அடுத்துப் புகையிலை மறியல் தொடங்கினார். "புகையிலை விட்டால் பகையிலை" என்று அவரே கட்டிய கோஷத்தைக் கடைத்தெருவில் அவர் மட்டுமே போட்டார். அத்தாயி மட்டும், இனித் தின்பதில்லை என்று சத்தியம் செய்து, வாயிலிருந்ததை வேப்பமரத்தடியில் துப்பினாள். அந்த ஒரு துப்பல்தான் அவருடைய பொதுவாழ்வில் மிஞ்சிய வெற்றி.

இப்போது கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. கொண்டை வெளுத்து, இறக்கை தொங்கி, தின்னத் தின்ன இளைத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தார். குடல் நிறைய வெள்ளைப் புழு, நூல்கண்டு சிக்கினாற்போல.

"பாத்தியா புள்ள. மேயறது கோழி. உள்ள உக்காந்து திங்கறது இவனுங்க. நாடும் இப்படித்தான்."

"நாடு கெடக்கட்டுங்க. செவலைக் கோழிக்கும் கொண்டை வெளுத்துருச்சு. அதும் போச்சுன்னா கூடையக் கவுத்துப் போடவேண்டியதுதானுங்க."

அச்சில் வந்ததை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. கோழி வளர்ப்புத் துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார்.

"குடற்புழுவுக்குக் கைகண்ட மருந்து, தீவனத்தில் கலந்த..." குரல் தேய்ந்தது.

"கலந்த?"

"புகையிலைத் தூள்."

அத்தாயி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வாயில் ஒன்றுமில்லை.

"நான் துப்புனதக் கொத்திக்கிட்டுத் திரிஞ்ச வரைக்கும் கோழியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. பூச்சி உழுந்ததே நான் உட்டதுக்கு அப்புறந்தான்."

"அப்ப நான் கொன்னேங்கறயா?"

"நீங்க இல்லீங்க. கொள்கை கொன்னுச்சு."

"சரி, போயி வாங்கிட்டு வா."

"சத்தியம் பண்ணுனவளுங்க. அந்தக் கடைவாசல மிதிப்பனுங்களா?"

அவரே போனார். எந்தக் கடை முன்னால் மல்லாந்து படுத்து மறித்தாரோ, அதே வெள்ளியங்கிரி கடை.

"வாங்க தலைவரே. மறியலுங்களா, யாவாரமுங்களா?"

"கோழிக்கு."

"ஆமாங்க. நம்ம கடையில மனுசன் ஆரு வாங்கறான்? எல்லாம் கோழிக்குத்தான்."

கடையில் நின்றவர்களில் ஒருவன், "புகையிலை விட்டால்" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தான். மற்றவர்கள் சேர்ந்து முடித்தார்கள். அந்தக் கோஷத்துக்குப் பதில்குரல் கிடைத்தது அன்றுதான். பொட்டலத்தைக் கதர்த்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து வீடு வந்தார்.

சில நாளில் செவலை தேறியது. கொண்டை சிவந்து, முட்டைக்கு இடம் தேடிக் கொக்கரித்தது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், பிரசுரம் பொய்க்கவில்லை. அதைச் சொல்ல அத்தாயியிடம் போனார். அவளுக்கு ஒரு கன்னம் புடைத்திருந்தது.

"வாயில என்ன புள்ள?"

அவள் வேப்பமரத்தடிக்குப் போய்த் துப்பினாள். செவலை ஓடிவந்து கொத்தியது.

"மருந்துங்க. தூளாக் குடுத்தா காரம், திங்க மாட்டேங்குது. மென்னுதான் குடுக்கோணும்."

"சத்தியம்?"

"அது நான் திங்கறதுக்குப் பண்ணுனதுங்க. இது கோழி திங்கறது."

செங்கோட்டையன் செவலையைப் பார்த்தார். அதுவும் கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தது. கடைசித் தொண்டரும் கட்சி மாறியாயிற்று.

"ஏனுங்க, மருந்து தீந்துருச்சு. இந்தவாட்டி வெத்தலையும் ஒரு கவுளி வாங்கியாங்க. வெறும் பொகையிலை கோழிக்கு ஒத்துக்கலீங்க."