முப்பத்தொரு நாள் ஜனாதிபதியும் கோட்டில்லாப் பேருரையும்

மாமனிதர்களின் பிறந்த நாளைக் கொண்டாடும் ஊர்கள் உலகில் ஆயிரம் உண்டு. ஆனால் மாமனிதர் செத்த விதத்தையே ஆண்டுதோறும் பிசகாமல் செய்து காட்டிப் போற்றும் ஊர், ஒஹையோ மாநிலத்தில் எங்கள் டன்ஹாம் ஃபெர்ரி ஒன்றுதான். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக நினைவு விழாக் கமிட்டியின் செயலாளர் என்ற முறையில் 'பதிவு' செய்கிறேன், அவ்வளவே.

அமெரிக்காவின் ஒன்பதாவது ஜனாதிபதி வில்லியம் ஹென்றி ஹாரிசன் எங்கள் மாநிலத்துக்காரர். ஒருமுறை எங்கள் ஊரில் நின்று குதிரைக்குத் தண்ணீர் காட்டினார் என்பது எங்கள் நம்பிக்கை. குதிரை குடித்ததா இல்லையா என்பதில் கமிட்டிக்குள் இரண்டு கட்சி உண்டு. அறுபத்தெட்டு வயதில் பதவியேற்ற அன்று, வாஷிங்டன் குளிரில் கோட்டில்லாமல், தொப்பியில்லாமல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். உரையில் பக்கத்துக்குப் பக்கம் பழைய ரோமாபுரிக் கதை. பிறகு சளி பிடித்தது. முப்பத்தொரு நாள் ஆட்சியோடு காலமானார். அந்தப் பேச்சுதான் அவரைக் கொன்றதா என்று இன்றைய மருத்துவர்கள் சந்தேகப்படுகிறார்கள். அவர்களை நாங்கள் விழாவுக்கு அழைப்பதில்லை.

ஆகவே அவர் பிறந்த பிப்ரவரி ஒன்பதாம் தேதி, பூங்காவில் அவர் சிலையடியில் அந்த உரை முழுவதும் வாசிக்கப்படும். விதி நான்கு: வாசிப்பவருக்குச் சரியாக அறுபத்தெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். விதி ஐந்து: கோட்டு, தொப்பி, கையுறை கூடாது. விதி ஆறு: பொதுமக்கள் ஹீட்டர் போட்ட கார்களுக்குள் அமர்ந்து வானொலியில் கேட்கலாம். கைதட்டலுக்குப் பதில் ஹாரன். மக்கள் நலனில் அக்கறையுள்ள கமிட்டி அல்லவா!

இந்த ஆண்டு ஊரில் அறுபத்தெட்டு நடந்தது ஒரே ஒருவருக்குத்தான். மார்லின் ஹாஸ்டெட்லர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். போன டிசம்பரில் நிமோனியாவில் படுத்து, பிழைப்பாரா என்று ஊரே பேசி, ஒருவழியாக எழுந்தவர். உரையை முழுவதும் வாசித்தவரின் பெயரைச் சிலையடியில் பித்தளைத் தகட்டில் பொறிப்போம். முப்பது வருடம் 'பஸ்காரரே' என்று மட்டும் அழைக்கப்பட்ட மனிதருக்கு அந்தத் தகட்டின் மேல் ஒரு கண்.

விழாவுக்கு முந்தைய வாரம் நடந்த கூட்டத்துக்கு அவர் மனைவி பெர்னடீனும் வந்துவிட்டாள்.

"அவருக்கு நெஞ்சு இன்னும் கரகரங்குது. ஒரு கோட்டைப் போட்டுக்கிட்டுப் படிக்கட்டுமே, என்ன குடி முழுகிடும்?"

தலைவி தெல்மா விக்கர்ஷாம் எழுந்து நின்றார். வரலாற்றின் சார்பில் பேசும்போது அவர் உட்காருவதில்லை.

"கோட்டு போட்டா அது வேற ஜனாதிபதிம்மா. கோட்டு போட்டவங்க நிறையப் பேர் இருக்காங்க."

"சரி, உள்ளே ஒரு கம்பளி பனியனாச்சும்?"

தலைவி என் பக்கம் திரும்பினார். "ஹாரிசன் உள்ளே என்ன போட்டிருந்தாருன்னு ஆதாரம் இருக்கா, செயலாளரே?"

"இல்லைங்க, தலைவரம்மா."

"ஆதாரம் இல்லாததை எப்படி அனுமதிக்கிறது?"

உள்ளாடை குறித்து ஆராய மூவர் துணைக்குழு உடனே அமைக்கப்பட்டது. அறிக்கையை அக்டோபரில் சமர்ப்பிக்கும்.

"அக்டோபர்லயா? விழா அடுத்த வாரம்யா!" என்று கத்தினாள் பெர்னடீன்.

"கவலைப்படாதம்மா, மருத்துவச் சான்றிதழ் இருக்கு" என்றார் கமிட்டியின் பல் டாக்டர் க்ளைட். "நானே பாத்தேன். பல்லுல ஒரு குறையும் இல்ல."

"நான் கேட்டது நெஞ்சை!"

"நெஞ்சுக்குப் போற வழி வாய்தானே? வழி சுத்தமா இருக்கு."

மார்லினுக்குக் கூச்சமாகிவிட்டது. "விடு பெர்னடீன். முப்பது வருஷம் பனியில பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓட்டினவன் நான். ரெண்டு மணி நேரம் நிக்க மாட்டேனா?"

"பஸ்ஸுக்குள்ள ஹீட்டர் இருந்துச்சுய்யா!"

விழா நாளன்று குளிர் கமிட்டியே எதிர்பாராத அளவுக்கு ஒத்துழைத்தது. பறவைகள்கூட விடுப்பில் இருந்தன. சம்பிரதாயப்படி மார்லினின் கோட்டை வாங்கி அலமாரியில் பூட்டி, சாவியைத் தலைவி தன் கையுறைக்குள் போட்டுக்கொண்டார். பூங்காவைச் சுற்றி நாற்பது கார்கள். நாற்பதிலும் ஹீட்டர், டோனட், சூடான காப்பி. சட்டையோடு நின்று மார்லின் வாசிக்கத் தொடங்கினார். தெளிவான குரல், முதல் பக்கத்துக்கே நான்கு ஹாரன்.

நாற்பது நிமிடத்தில் அவர் உதடு நீலமானது. பற்கள் தந்தியடித்தன. வானொலியில் அதைக் கேட்டுப் பல் டாக்டர் பெருமையோடு தலையாட்டினார். ஒவ்வொரு ரோமானியப் பெயருக்கும் மார்லின் இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. மக்கள் அதை உணர்ச்சிப் பெருக்காகக் கொண்டு ஹாரனை விடாமல் அழுத்தினார்கள்.

பெர்னடீன் தன் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். தலைவியின் கண்ணாடியைத் தட்டினாள். "சாவியைக் குடு தெல்மா!"

"விதி ஐந்து" என்றார் தலைவி, கண்ணாடியை இறக்காமல்.

அடுத்து பல் டாக்டரின் கார். "உன் கோட்டைக் குடு க்ளைட், ஒரு பத்து நிமிஷம்!"

க்ளைட் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கினார். "கழட்டினா எனக்குச் சளி பிடிச்சுக்குமேம்மா."

ஒவ்வொரு காராகத் தட்டிக்கொண்டே வந்தாள். என் காரையும் தட்டினாள். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன். உரையில் கவனம் சிதறக் கூடாதல்லவா?

கடைசியில் தான் போட்டிருந்த ரோஜா நிறக் கோட்டைக் கழற்றிக்கொண்டு அவளே மேடையேறினாள். தலைவி ஒலிபெருக்கியை எடுத்தார். "நில்லும்மா! வரலாற்றுல அப்படி நடக்கல! பதவியேற்புக்கு அவர் மனைவி வரவே இல்ல!"

பெர்னடீன் மைக்கைப் பிடித்தாள். "வரலதான்! அந்தம்மா உடம்பு முடியாம ஒஹையோவுல வீட்டுலயே இருந்துட்டாங்க. அதான் உங்க ஜனாதிபதி செத்தாரு! நான் வந்திருக்கேன்!"

மக்கள் இதுவும் உரையின் பகுதி என்று நினைத்து ஹாரன் அடித்தார்கள்.

"இன்னும் பாதிக்கு மேல இருக்கு..." என்று முனகினார் மார்லின். "தகடு..."

"உன் பேரை நானே ஆணி எடுத்து நம்ம வீட்டுக் கதவுல செதுக்கித் தர்றேன். கல்லறைக் கல்லுல செதுக்க மாட்டேன். நட!"

ரோஜா நிறக் கோட்டைப் போர்த்தி அவரை இழுத்துக்கொண்டு போனாள். மார்லின் மூன்று நாள் தும்மினார். பெர்னடீன் ஒரு வாரம் இருமினாள். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைக் கமிட்டி 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று தொடங்கிப் பிறகு அடித்துத் திருத்திப் பதிவு செய்தது. உரை முடியாததால் தகட்டில் பெயர் இல்லை. அடுத்த ஆண்டு முதல் மனைவிமார் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று விதி பதினொன்று ஏகமனதாக நிறைவேறியது.

விழாவில் வரலாற்றுப் பிழை எங்கே நேர்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதத் தலைவி எனக்குக் கட்டளையிட்டார். 'ஒருத்தி தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்' என்று எழுதினேன். மற்றபடி எள்ளளவும் பிழையில்லை. வாஷிங்டனில் அன்று அந்தக் கிழவர் எதிரே ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். ஒருவராவது கோட்டைக் கழற்றி நீட்டியதாக நான் எங்கும் படித்ததில்லை. அந்த மரபை நாற்பது கார்களிலும் கட்டிக் காத்திருக்கிறோம்.

செயலாளர் என்பவன் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். அன்று நான் போட்டிருந்தது இரண்டு கோட்டு.